தென்னை நாருக்கு ஐந்து பிள்ளைகள்

அந்த வருஷம் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு வாங்க வந்தவர்களைவிட மயிர் கொடுக்க வந்தவர்கள் அதிகம். பழனிக்கு நேர்ந்துகொண்ட மொட்டை இல்லை இது. நாலே நாலு இழை போதும். காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் பாட்டன் செய்த பாவம் முதல் பேரனுக்கு வரப்போகும் சளி வரை சொல்லிவிடுவார் டாக்டர் வரதராஜுலு. எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. போர்டில் எழுதியிருந்தது, போதாதா?

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கு. அதன் வாசலில்தான் அந்த போர்டு: ‘அகில உலக மரபணு ஜோதிட ஆராய்ச்சி நிலையம்’. அகில உலகத்துக்கும் கிளை அது ஒன்றுதான். 1996 அது. கம்ப்யூட்டர் ஜாதகம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து மலிந்துபோன நேரம். அதனால் வரதராஜுலு ஒரு படி மேலே ஏறினார். ஜாதகம் வானத்தில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது என்றார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு முறுக்குக் கயிறு இருக்கிறது, செல் இரண்டாகும்போது அந்தக் கயிறும் படியெடுக்கப்பட்டு இரண்டாகிறது என்றார். இதுவரை எல்லாம் சரி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. தேர்ந்த பொய்யன் முதல் வாக்கியத்தில் உண்மையைத்தான் சொல்வான். சரக்கு அதற்குப் பிறகு வரும். கயிறு படியாகும்போது பாவமும் சேர்ந்து ஜெராக்ஸ் ஆகிவிடுகிறதாம். அந்த ஜெராக்ஸைத் திருத்தத் தாமிரச் சுருள் ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். சுருளை மோந்து பார்த்தால் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரின் வாடை அடிக்கும். யாரும் மோந்து பார்க்கவில்லை.

கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் வண்ணக் கோடுகள் முறுக்கிக்கொண்டு ஓடும். அதுதான் டி.என்.ஏ. என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொடாமல் சும்மா விட்டால் கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற கோலம் அது என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் கரண்ட் போனது. திரை இருண்டது. கண்ணை மூடியிருந்த வரதராஜுலு அதைக் கவனிக்காமல் பலனைச் சொல்லிக்கொண்டே போனார். மாட்டிக்கொண்டார் என்றுதானே நினைப்பீர்கள்? கரண்டே இல்லாமல் ஓடுகிற கம்ப்யூட்டர் என்று பேச்சுப் பரவி, அடுத்த சந்தைக்குக் கூட்டம் இரண்டு மடங்கானது. விபூதிக்காரர், தொப்பிக்காரர், ஜெபமாலைக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஊர் ஒற்றுமையாக ஏமாந்த இடம் அது ஒன்றுதான்.

வந்தவர்கள் முதலில் வெளிக்கொட்டகையில் உட்கார வேண்டும். அங்கே காளிச்சாமி எல்லோருக்கும் மோர் கொடுப்பான். கொடுத்துவிட்டு, “ஏனுங்க, எந்த ஊருங்க?” என்பான். கொங்கு நாட்டில் இப்படி ஒருவர் கேட்டுவிட்டால், ஊர்ப் பேரை மட்டும் சொல்லி வாயை மூடுவது மரியாதை இல்லை. தோட்டம், கிணறு, பெண்டாட்டி, பிள்ளை, பிள்ளைக்கு வந்த நோவு, பார்த்த வைத்தியம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, உங்களுக்குங்க என்று திருப்பிக் கேட்டால்தான் மனசு ஆறும். அதன் பிறகு முடிப் பொட்டலத்தை ஒரு தட்டில் வைத்து, சிவப்புப் பட்டுத்துணியால் மூடி, காளிச்சாமியே உள்ளே எடுத்துப் போவான். கூடம் நிறையக் கூட்டம் உட்கார்ந்திருக்க, அவன் தட்டைப் பிடித்தபடி இருக்க, வரதராஜுலு கண்ணை மூடி, துணிக்கு அடியில் கையை விட்டு முடியிலிருந்து ‘கதிர்’ வாங்குவார். வாய் தானாகப் பேசும்.

அப்படித்தான் மருதாசலத்துக்கும் பேசியது.

மருதாசலம் மாட்டு வியாபாரி. இருபத்திரண்டு வருஷமாகச் சந்தையில் நிற்கிறவர். ஒரு காளையின் நடையைப் பார்த்தே அதற்குக் குளம்பில் நோவா, முதுகில் நோவா என்று சொல்வார். வாயைப் பிளந்து பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கன்றுக்குட்டியைக்கூட வாங்க மாட்டார். அவ்வளவு கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தைச் சந்தையிலேயே கட்டிப்போட்டுவிட்டு ஒருநாள் அந்தக் கிடங்குக்குள் நுழைந்தார்.

அவருக்கு ஒரே மகள், பூங்கொடி. ஆறு வயது. வலிப்பு இருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினோரு மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை. அது போதாதா என்றால் போதவில்லை. தினம் மாத்திரை விழுங்குகிற பெண்ணை நாளைக்கு யார் கட்டுவான் என்று ஆறு வயதிலேயே கவலைப்பட்டார் தகப்பன். நோவு வேரோடு போக வேண்டும். வேர் டி.என்.ஏ.யில் இருக்கிறது என்று ஊரே சொன்னது.

“ஒரே பெண் குழந்தை. வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறாள்,” என்றார் வரதராஜுலு, கண்ணைத் திறக்காமல். மருதாசலத்துக்குப் புல்லரித்துவிட்டது. டாக்டரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோர்க்காரனிடம் முக்கால் மணி நேரம் சொல்லியிருந்தார். மோர்க்காரனிடம் சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? இங்கிலீஷ் மாத்திரைதான் படியெடுக்கும்போது கயிற்றைக் கலங்கவைக்கிறது, இன்றே நிறுத்துங்கள் என்று தீர்ப்பானது. சுருள் கட்டிய பிறகு மூன்று தடவை வலிப்பு வரும், மூன்றாவதோடு நோவு தீர்ந்துபோகும், நடுவில் ஒரு மாத்திரை கொடுத்தாலும் குழந்தைக்குப் புத்தி பேதலித்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னார். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள். வலிப்பு வந்தால் வாக்குப் பலித்தது. வராவிட்டால் சுருள் பலித்தது.

மூன்றாம் வாரம் வந்தது முதல் வலிப்பு. இரண்டாவது, ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வந்தது. சிமெண்டு மேடையில் விழுந்து பூங்கொடிக்குப் புருவத்துக்கு மேல் நாலு தையல். மருதாசலம் பதறித்தான் போனார். ஆனாலும் இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பெற்ற தாய் பொன்னாத்தாளால் அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை. மாத்திரை கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். மாடிக்கு ஏறிப் போய் அங்கே குடியிருந்த விமலாராணியிடம் அழுதாள்.

“மூணாவது தடவ எங்க உழுகுமோன்னு நான் பாத்துட்டே உக்காந்திருக்கோணுமாங்க, டீச்சரம்மா? கெணத்துமேட்டுல உழுந்தா என்னங்க பண்ணுவேன்?”

விமலாராணி காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். கோயமுத்தூர்க்காரி. சனிக்கிழமை தோறும் கோயமுத்தூருக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் ஆராய்ச்சிக்கு ஓயாமல் கணக்குப் போடுவாள். மனித உடம்பில் டி.என்.ஏ. எங்கெங்கே எந்த வரிசையில் படியாகத் தொடங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆக, வரதராஜுலு வாய்க்கு வந்தபடி அளக்கிற அதே விஷயத்தை அவள் நாலு வருஷமாக உட்கார்ந்து அளக்கிறாள். அவளைத் தேடி மாடிக்கு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. உண்மைக்கு மோர் கொடுக்கத் தெரியாதே.

அவள் பொன்னாத்தாளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. பூங்கொடியின் சடையிலிருந்து நாலு இழை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த சந்தை நாளில் கொட்டகைக்குப் போய் மோர் குடித்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி, வயது முப்பத்திரண்டு, கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று காளிச்சாமியிடம் ஒரு கதையைச் சொன்னாள். சாயங்காலம், நிலையத்தில் பலன் எழுதிக் கொடுக்கிற தாள்கள் இரண்டைக் கொண்டுவந்து மருதாசலத்தின் முன்னால் வைத்தாள். ஒன்று அவர் வாங்கி வந்தது. இன்னொன்று அவள் வாங்கி வந்தது.

“ரெண்டும் நம்ம பாப்பாவோட சடை முடிதானுங்கண்ணா. மொதல்ல படிச்சப்ப ஆறு வயசுப் பொண்ணு. இப்பப் படிச்சா முப்பத்திரண்டு வயசு ஆம்பள, புத்திர தோஷம்.”

மிஷினில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றார் மருதாசலம். நம்புகிறவனுக்கு மிஷின் கெடும், சாமி கோபிக்கும், நேரம் சரியில்லாமல் போகும். நம்பிக்கை மட்டும் ரிப்பேருக்கே வராது.

விமலாராணி கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள். “ஒரு செல்லு ரெண்டாகறதுக்கு அறுநூறு கோடி எழுத்தைப் படி எடுக்குதுங்கண்ணா. நொடிக்கு அம்பது எழுத்துன்னு வெச்சுக்கங்க, ஒரே மொனையில ஆரம்பிச்சா மூணரை வருசத்துக்கு மேல ஆகும். ஆனா எட்டு மணி நேரத்துல முடிஞ்சுபோகுது. அப்படீன்னா பல்லாயிரம் எடத்துல ஒரே சமயத்துல வேலை நடக்குதுன்னு கணக்குச் சொல்லுது. அத்தனை வேகத்துலயும் மிஞ்சற தப்ப வெரல் விட்டு எண்ணிரலாம். உங்க டாக்டர் நாலு முடிய ரெண்டு வாட்டி படிக்கறதுக்குள்ள ஆளையே மாத்திப்போட்டாரு. ஒரு மனுசனோட முழு எழுத்தையும் ஒலகத்துல இன்னும் யாருமே படிச்சு முடிக்கலைங்க. கத்திரியில வெட்டுன முடியில வேருகூட இல்ல. வேரு இல்லாட்டி அவரு படிக்கறதாச் சொல்றது அதுல இருக்கறதே சந்தேகம்.”

மருதாசலம் இரண்டு தாளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, ஏமாளி கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டார்.

“அப்பறம் எனக்கு ஒரே பொண்ணு, அதுக்கு வலிப்புன்னு அந்தாளுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“அது எனக்கும் தெரியலைங்க,” என்றாள் அவள். “எண்ணிப் பாக்கறேன்.”

எண்ணினாள். இரண்டு சந்தை நாள் கொட்டகை மூலையில் பரீட்சைத் தாள் திருத்துகிற சாக்கில் உட்கார்ந்தாள். யார் யார் காளிச்சாமியிடம் என்ன சொன்னார்கள், உள்ளே வரதராஜுலு என்ன சொன்னார் என்று வெளியே வந்தவர்களைக் கேட்டு, பத்தொன்பது பேருக்கு எழுதிவைத்தாள். காளிச்சாமியிடம் சொன்னது ஒன்று விடாமல் பலனில் வந்தது. சொல்லாதது ஒன்றுகூட வரவில்லை. உடுமலைப்பேட்டைப் பெரியவர் ஒருவர், காதல் கல்யாணம் செய்துகொண்டு ஓடிப்போன மூத்த மகனைச் சேர்க்காமல் எனக்கு இரண்டே பிள்ளை என்று சொல்லியிருந்தார். டி.என்.ஏ.யும் அப்படியே இரண்டு பிள்ளை என்றது. பெரியவரோடு சேர்ந்து அதுவும் மூத்தவனைத் தலைமுழுகிவிட்டது.

அதை மருதாசலத்திடம் காட்டினாள். கொட்டகையிலிருந்து கூடத்துக்குச் செய்தி போகிறது, காளிச்சாமிதான் கொண்டுபோகிறான், ஆனால் வாய் திறப்பதில்லை, சீட்டுக் கொடுப்பதில்லை, எப்படி என்றுதான் பிடிபடவில்லை என்றாள். மருதாசலம் தலையை ஆட்டிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

அன்று ஒரு ஜோடிக் காளைக்கு விலை படிந்துகொண்டிருந்தது. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்துக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, கணுவை அழுத்தினால் ஒரு தொகை. சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் இரண்டு கைக்குத்தான் தெரியும். தரகர் அரங்கசாமி மருதாசலத்தின் மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார். மருதாசலம் பதில் அழுத்தவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துண்டு. சிவப்புப் பட்டுத்துணி. கதிர் வாங்குகிற கை.

இருபத்திரண்டு வருஷம் துண்டுக்கு அடியிலேயே பிழைத்த மனுஷன். அதே துண்டைப் பட்டில் செய்து மூக்குக்கு முன்னால் நீட்டியபோது கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். உடம்பெல்லாம் கூசியது. விலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அரங்கசாமி நாலாவது விரலுக்கு வந்தார். மருதாசலம் கையை உருவிக்கொண்டு நடந்தார்.

கிடங்குக்குப் போகிற வழியில் நார் மில் ஒன்று உண்டு. வாசலில் காய்ந்துகொண்டிருந்த தென்னை நாரில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். கொட்டகையில் விமலாராணி இருந்தாள். அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு மோர் குடித்தார். தங்கச்சி மாப்பிள்ளையின் முடி, அவருக்கு மூன்று பிள்ளைகள், வயிற்றில் புண் என்று காளிச்சாமியிடம் மரியாதையாகச் சொன்னார்.

கூடம் நிறைந்திருந்தது. வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டார். பட்டுத்துணிக்கு அடியில் அவர் கையும் காளிச்சாமியின் கையும் இருந்தன. எதிரே சம்மணம் போட்டிருந்த மருதாசலம் தன் இரண்டு கையையும் துணிக்கு அடியில் விட்டார்.

காளிச்சாமியின் கை மூன்று விரலைப் பிடித்திருந்தது. தேர்ந்த தரகனின் பிடி. மருதாசலம் இடது கையால் அவன் மணிக்கட்டை முறுக்கி ஒதுக்கினார். காளிச்சாமி வெளிறிப்போனான். கத்தினால் தொழில் போய்விடும், கத்தாவிட்டால் கை போய்விடும். கையே போகட்டும் என்று பேசாமல் இருந்தான். மருதாசலம் வலது கையால் வரதராஜுலுவின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

“ஐந்து பிள்ளைகள்,” என்றார் வரதராஜுலு, பரவசமாக.

மருதாசலத்துக்கு அவர்களுடைய மற்ற விரல் அடையாளம் எதுவும் தெரியாது. வந்த ஆத்திரத்தில் சுண்டுவிரல் கணுவைச் சும்மா அழுத்தினார்.

“கடைசிக் குழந்தைக்கு வலிப்பு. இங்கிலீஷ் மாத்திரைதான் கயிற்றைக் கலக்குகிறது. இன்றே நிறுத்துங்கள்.”

மருதாசலத்துக்கு உறைத்தது. தன் மகளின் உயிரைப் பேரம் பேசியது இந்தக் கணுதான். சுண்டுவிரலில் ஒரே ஒரு அழுத்தம். அதற்காகத்தான் நாலு தையல், அதற்காகத்தான் மூன்றாவது வலிப்புக்குக் காத்திருந்த இரண்டு மாதம். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டுத்துணியை உருவி எறிந்தார்.

தட்டின் மேல் நாலு கை. சந்தைக்காரக் கூட்டத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஆள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மருதாசலம் பொட்டலத்தைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார்.

“பாத்துக்கங்க. இது நார் மில்லுல எடுத்த தென்ன நாருங்க. இதுக்கு அஞ்சு புள்ளைங்களாமா. கடைசிப் புள்ளைக்கு வலிப்பாமா. இந்தாளு பேச்சக் கேட்டு எம்பொண்ணுக்கு மாத்திரைய நிறுத்திப்போட்டேன்.”

வரதராஜுலு கண்ணைத் திறந்தார். அவநம்பிக்கை உள்ளவர் தொட்டதால் கதிர் முறிந்துவிட்டது என்று தொடங்கினார். அப்போது கதவோரம் நின்ற விமலாராணி சத்தம் போடாமல் சொன்னாள்: “சரிங்க டாக்டர், யாரும் தொட வேண்டாம். காளிச்சாமியும் தொட வேண்டாம். துணியில்லாம இன்னொருக்கா படிச்சுச் சொல்லுங்க, கேக்கறோம்.”

அவ்வளவுதான் அவள் வைத்த பரீட்சை. அகில உலக ஆராய்ச்சி நிலையம் அந்த ஒரு கேள்விக்குத் தாங்கவில்லை. காளிச்சாமி பின்கதவு வழியாக ஓடினான். பழைய சந்தைக்காரர் ஒருவர் வரதராஜுலுவை உற்றுப் பார்த்து, அந்தியூர்ச் சந்தையில் வயது தெரியாதபடி பல்லை ராவிய கிழட்டு மாட்டை இளங்காளை என்று விற்றுவிட்டு ஓடிய தரகன் இவன்தான் என்று அடையாளம் சொன்னார். அதற்குள் டாக்டரும் ஆட்டோவில் ஏறியிருந்தார். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் கோடுகள் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தன. விமலாராணி மவுஸை லேசாக நகர்த்தினாள். டி.என்.ஏ. மறைந்து, பாதியில் நின்றிருந்த ஒரு சீட்டாட்டம் வந்தது.

கூட்டம் கலையும்போது ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மருதாசலத்தின் காதில் விழுந்தது: “நாருக்கே பலன் சொல்லோணும்னா எத்தன சக்தி இருக்கோணும், நெனச்சுப் பாருங்க.”

 மருதாசலம் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், திட்டு வாங்கிக்கொண்டு, மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூங்கொடியின் கழுத்திலிருந்த சுருளைக் கழற்றி மோந்து பார்த்தார். மோட்டார் வாடை. பொன்னாத்தாள் தண்ணீர் கொண்டுவந்தாள். “கண்ணு, வாயத் தொற,” என்றார் அவர். குழந்தை வாயைத் திறந்தது. பால்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வரதராஜுலு இப்போது வேறு ஊரில் கடை போட்டிருக்கிறாராம். துணி கிடையாது, கண்ணாடித் தட்டு, புதிய முறையாம். வரிசை தெரு முனை வரை நிற்கிறதாம். போகிறவர்கள் போகலாம். ஒரு மாட்டை வாங்குவதற்கு முன் வாயைப் பிளந்து எட்டுப் பல்லையும் எண்ணுகிறீர்களே ஐயா, பெற்ற பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்கிறவனிடம் அதில் ஒரு பல்லையாவது எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள்.